செம்போத்துக் கூட்டில் சஞ்சீவி வேர் உண்டா?

கேள்வி: செம்போத்துக் கூட்டில் சஞ்சீவி வேர் இருக்குமாம். குஞ்சின் காலைச் சங்கிலியால் கட்டினால், தாய்ப்பறவை அந்த வேரைக் கொண்டுவந்து வைத்துச் சங்கிலியை அறுத்துவிடுமாம். எங்கள் ஊரில் ஒருவர் இதைச் சொல்லிச் சிறுவர்களைக் கூடு தேட அனுப்புகிறார். உண்மைதானா ஐயா?
– ஒரு வாசகி, வீரவநல்லூர்

பதில்: இல்லையம்மா. முதலில் அந்தப் பிள்ளைகளைத் தடுத்துவிடுங்கள்.

பத்து வயதில் நானும் அந்த வேரை நம்பினவன்தான். பிரித்த கூட்டை ஓடுகிற தண்ணீரில் போட்டால் குச்சியெல்லாம் தண்ணீரோடு போகும், வேர் மட்டும் எதிர்த்து ஏறும் என்பார் தாத்தா. வாத்தியாரான பிறகு அதைச் சோதித்தே பார்த்தேன். எங்கள் தோட்டத்துத் தாழம்புதரில் ஒரு செம்போத்து ஜோடி குஞ்சு பொரித்திருந்தது. குஞ்சுகள் பறந்துபோய் ஒரு மாதம் கழித்து, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு கூட்டைக் கழற்றினேன். பந்துபோல் கவிந்த கூடு, பக்கவாட்டில் வாசல். மூங்கில் இலை, தென்னோலைக் கிழிசல், கோரை, சுள்ளி, அவ்வளவுதான். ஒவ்வொன்றாகக் கன்னடியன் கால்வாயில் போட்டோம். பிள்ளைகள் கரையோடு ஓடிப் பார்த்தார்கள். ஒரு துரும்புகூட எதிர்த்து வரவில்லை.

கட்டிப்போட்ட குஞ்சைத் தாயால் விடுவிக்க முடியாது. குஞ்சு வளர வளரச் சங்கிலி காலில் இறுகும். பாம்பு வந்தாலும் நகர வழியில்லை. மூச்சிழுப்பு நோய்க்குச் செம்போத்துக் கறி நல்லது என்று சுடுகிறவர்களும் உண்டு. அதிலும் மருந்தில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம்.

குயில் இனம்தான் என்றாலும் செம்போத்து அடுத்தவர் கூட்டில் முட்டையிடாது. தானே கூடு கட்டி, தாயும் தகப்பனும் சேர்ந்து வளர்க்கும். நத்தை, வெட்டுக்கிளி, சுண்டெலி, பாம்புக்குட்டி என்று வேலியோரம் பொறுக்கித் தின்னும். வாழைத் தோட்டத்தில் நத்தைத் தொல்லை என்று புலம்புகிறவர்கள் இந்தச் சிவந்த கண்காரனை விரட்டலாமா?

என் அம்மா வழியில் செம்போத்தைக் கண்டால், நல்ல சகுனம் என்று நின்று பார்த்துவிட்டுத்தான் நடப்பாள். அந்த நம்பிக்கையால் ஒரு குஞ்சும் சாகவில்லை. அதை நான் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை.

கேள்வி: காகம் கரைந்தால் விருந்து வரும் என்பது எத்தனை காலத்து நம்பிக்கை?
– ஒரு வாசகர், கடையம்

பதில்: சங்க காலத்திலேயே இருக்கிறது. குறுந்தொகை 210ஆம் பாட்டில், பிரிந்துபோன தலைவன் திரும்பி வந்து, தலைவியைத் தேற்றிய தோழியைப் பாராட்டுகிறான். அவளோ, விருந்து வரக் கரைந்த காக்கைக்குத்தான் அந்தப் பெருமை என்கிறாள். வள்ளல் நள்ளியின் காட்டுப் பசுக்களின் நெய்யோடு, தொண்டியில் விளைந்த வெண்ணெல் சோற்றை ஏழு கலத்தில் வைத்தாலும் அந்தக் காக்கைக்குக் குறைவுதான் என்கிறாள். பாடிய நச்செள்ளையாருக்குக் ‘காக்கை பாடினியார்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

எங்கள் வீட்டில் இன்றும் முதல் பிடி சோறு கூரைக்குத்தான் போகிறது.