சந்துக்குள்ள ஒரு பார்க் – கடிதமும் பதிலும்

அண்ணா வணக்கம்,

சேலம் புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் வேலை பாக்கறேன். போன வாரம் அஞ்சு ரோடு ட்ராஃபிக்ல மாட்டக் கூடாதுன்னு ஒரு சந்துல வண்டிய விட்டு, வழி தப்பி ஒரு குட்டி பார்க் முன்னாடி போய் நின்னேன். நாலு சிமெண்ட் பெஞ்ச், ரெண்டு புங்கமரம், அவ்ளோதான். இருபது நிமிஷம் ஒக்காந்தேன், தலைவலியே போயிடுச்சு. ரீல்ஸ் போடலாமான்னு கேட்டா வீட்டுக்காரர், "போட்டா நாளைக்கே கூட்டம் வந்து நாசமாக்கிடும், கம்முனு இரு"ங்கறார். நீங்க என்ன சொல்றீங்க?

– ஒரு வாசகி, சூரமங்கலம்

வணக்கம்மா,

உங்க வீட்டுக்காரர் பயப்படறதுல நியாயம் இருக்கு. அமைதி வேணும்னு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காடு போய், ஞாயித்துக்கெழம போட் ஹவுஸ் பக்கம் வண்டி நிறுத்த எடம் தேடி, கீழ கேட்டதவிட ஜாஸ்தியா ஹாரன் கேட்டுட்டு எறங்கற ஊர்க்காரங்கதானே நாம. ஆனா குட்டி பார்க் கதை வேற. கூட்டம் வந்து அது கெட்டுப்போனத நான் பாத்ததில்ல, ஆள் வராம கெட்டுப்போனதத்தான் பாத்திருக்கேன்.

நான் பையனா இருந்தப்ப எங்க ஏரியால ஒரு ரிசர்வ் சைட் இருந்துச்சு. பெரிய லேஅவுட் போட்டா ரோடு போக மிச்சத்துல 10 சதவீதம் பொதுவுக்கு விடணும்ல, அப்படி விட்ட எடம். ஒரு சறுக்கு, ஒரு சீசா. ராத்திரி குடிக்கறாங்கன்னு மொதல்ல கேட்டுக்குப் பூட்டு வந்துச்சு, சாவி யாருகிட்டன்னு கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியல. அப்புறம் யாரோ எளநி மட்டைய செவுத்துக்கு மேல வீசினாங்க, பக்கத்துல வீடு கட்டினவர் ஜல்லி கொட்டினாரு, முள்ளு மொளைச்சுது, ஒரு நாள் பாத்தா உள்ள போர் போட்டு தண்ணி டேங்க் நிக்குது. யாரும் சண்டைக்குப் போகல, எப்படிப் போவாங்க, தண்ணி வந்துச்சே. மொத குடம் புடிச்சதே எங்கம்மாதான்.

நியூயார்க்ல பேலி பார்க்னு ஒன்னு இருக்கு, 1967ல தொறந்தது. மொத்தமே 4,200 சதுர அடி, நம்ம கணக்குல பத்து சென்ட்டுக்கும் கம்மி. பின்னாடி செவுத்துல 20 அடி ஒசரத்துலேர்ந்து தண்ணி கொட்டிட்டே இருக்கும், அந்த எரைச்சல்ல ரோட்டு சத்தம் அமுங்கிடும். சேரையெல்லாம் தரைல பதிக்காம விட்டிருக்காங்க, வேணுங்கற பக்கம் இழுத்துப் போட்டுக்கலாம் (இத இங்க சொன்னேன், "மறுநாள் சேர் இருக்குமா"ன்னு கேட்டாங்க).

செவ்வாய்பேட்டைல நான் போற பார்க்குக்கு அருவியெல்லாம் கெடையாது, பக்கத்துக் கொலுசுப் பட்டறைலேர்ந்து டிக் டிக்னு தட்டற சத்தந்தான். பத்து நிமிஷத்துல அது காதுல விழறதே நின்னுடும், கூடவே ரோடும். மத்தியானம் ஒன்றரைக்கு பட்டறைலேர்ந்து ஒருத்தர் டிபன் பாக்ஸோட வருவார். கைய அங்கயே கழுவிட்டுத்தான் வருவார், கழுவின தண்ணிலயும் வெள்ளித்தூள் இருக்கும், அதையும் சேத்து வெப்பாங்களாம், ஆனாலும் நகக்கண்ணுல கருப்பு போறதில்ல. ஒரு நாள் அவர் சாப்பிட்டுட்டு இருக்கறப்ப ஒரு லோடு ஆட்டோ, ஒடைஞ்ச வாஷ்பேசினும் டைல்ஸும் கொட்டறதுக்கு ரிவர்ஸ்ல வருது. இவரு எந்திரிக்கக்கூட இல்ல, கைல உருண்டையோட, "சாப்பிடற எடம்பா இது"ன்னாரு. ஆட்டோ திரும்பிப் போயிடுச்சு. நான் அங்கதான் இருந்தேன், எனக்கு வாயே வரல.

அதனால ரீல்ஸ் போடுங்க, போடாட்டியும் விடுங்க, அது பெரிய விஷயமே இல்ல. ரீல்ஸ் பாத்து வர்றவங்க நாலு பெஞ்சப் பாத்துட்டு "இதுக்கா"ன்னு திரும்பிடுவாங்க. நீங்க மறுபடி போவீங்களாங்கறதுதான் எனக்கு முக்கியம். வாரத்துல ஒரு நாள், அதே நேரத்துக்குப் போங்க, ஆபீஸ்ல ஒருத்தரையும் கூட்டிக்கங்க, தட்டுவடை செட் வாங்கிட்டுப் போய் தின்னுங்க, பேப்பர மட்டும் திரும்பிக் கொண்டு வந்துடுங்க. என்னிக்காச்சும் பூட்டிக் கெடந்தா மனு கினு வேண்டாம், சாவி யாருகிட்ட இருக்குன்னு மட்டும் வார்டு கவுன்சிலர்கிட்ட கேளுங்க, கெடைக்கற வரைக்கும் கேளுங்க.

ஆமா, அன்னிக்கு அங்க வேற யாராச்சும் ஒக்காந்திருந்தாங்களா? அத நீங்க எழுதவே இல்லயே.