கேள்வி - பதில்: ஜெஃபர்சன் ஏன் கப்பலை நிறுத்தினார்?

கேள்வி: அமெரிக்காவோட மூணாவது ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சன், சின்ன அரசாங்கம் போதும், எல்லா நாட்டோடயும் வியாபாரம் பண்ணணும்னு பேசினவராம். அவரே வெளிநாட்டு வியாபாரத்தை தடை பண்ணாராமே, எப்படி சார்?

பதில்: எனக்கும் ரொம்ப நாளா உறுத்தின விஷயம்ங்க இது. 1801ல பதவியேத்தப்போ சமாதானம், வியாபாரம், நட்பு எல்லாரோடயும், ஆனா யார் கூட்டணியிலயும் போய் மாட்டிக்க வேண்டாம்னுதான் சொன்னார். விஸ்கி வரிய எடுத்தார், ராணுவ செலவையும் கடற்படை செலவையும் குறைச்சு கடனை அடைச்சிட்டு வந்தார். அந்த நேரம் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் சண்டை, ரெண்டு பேருமே அமெரிக்க கப்பல்களைப் பிடிக்கிறாங்க, பிரிட்டன்காரன் மாலுமிகளையும் இழுத்துட்டுப் போறான், 1807 ஜூன்ல வர்ஜீனியா பக்கத்துல செசபீக்ங்கிற அமெரிக்க போர்க்கப்பலையே சுட்டு நாலு பேரைப் பிடிச்சிட்டுப் போயிட்டான், ஊரே கொதிக்குது. சண்டைக்குப் போக படை பத்தாது. நம்ம சரக்கு போகலேன்னா அவங்களே இறங்கி வருவாங்கன்னு நம்பி அந்த டிசம்பர்ல எம்பார்கோ சட்டம் போட்டார், எந்த அமெரிக்க கப்பலும் வெளிநாட்டுக்குக் கிளம்பக் கூடாது.

பிரிட்டன் அசையல. அடி விழுந்தது சொந்த ஜனங்களுக்கு. 1807ல சுமார் 10.8 கோடி டாலரா இருந்த ஏற்றுமதி அடுத்த வருஷமே 2.2 கோடி. பாஸ்டன்ல கப்பலெல்லாம் கட்டிப் போட்டபடி கிடக்க மாலுமிங்க வேலையில்லாம நின்னாங்க, சாம்ப்ளெயின் ஏரி வழியா மரத்தை தெப்பமா கட்டி கனடாவுக்குக் கடத்தினாங்க. அப்போ வந்த ஒரு கார்ட்டூன்ல, பீப்பாயத் தூக்கிட்டு பிரிட்டிஷ் கப்பலுக்குப் போற ஆளோட பின்பக்கத்தை ஒரு ஆமை கவ்விட்டு நிக்கும், ஆமை பேரு ஓக்ராப்மி, எம்பார்கோவ இங்கிலீஷ்ல திருப்பி எழுதினா வர்ற பேரு.

நிதி மந்திரி கல்லட்டின் ஆரம்பத்துலயே எச்சரிச்சார், நிரந்தரத் தடைய விட சண்டையே மேல்னு. கேக்கல. கடத்தலைத் தடுக்க 1809 ஜனவரில ஒரு சட்டம், சந்தேகம் வந்தாலே அதிகாரி சரக்கைப் பிடிக்கலாம், படையையும் கூப்பிடலாம். அரசாங்கம் மனுஷன் வாழ்க்கையில கை வைக்கக் கூடாதுன்னு நம்பினவர் கையெழுத்துதான் அதுலயும் இருக்கு, எனக்கு மனசு வலிக்கிறது அங்கதான். பதவி முடிய மூணு நாள் இருக்கும்போது தடைய நீக்கற சட்டத்துலயும் அவரே கையெழுத்துப் போட்டார்.

கேள்வி: அப்போ அவர் கொள்கையே தப்பா?

பதில்: அப்படி சொல்ல மாட்டேன். ரத்தம் சிந்தாம ஜெயிக்கணும்னு அவர் நெனச்சது உண்மை. விவசாயிங்க நாடா இருந்தா போதும், தொழிற்சாலை ஐரோப்பாவுலயே இருக்கட்டும்னு ஒரு காலத்துல எழுதினவர், இதெல்லாம் பட்ட பிறகு 1816ல ஒரு கடிதத்துல, சுதந்திரமா இருக்கணும்னா சொந்த உற்பத்தியும் வேணும்னு அனுபவம் கத்துக்குடுத்துச்சுன்னு எழுதினார்.