குகைக் கல்லில் பதிந்த மழை

கேள்வி: பத்துமலைக்குப் போனபோது, கூரையிலிருந்து சொட்டும் நீரால் தரையில் கல் வளர்ந்திருப்பதைக் கண்டேன். இத்தகைய கல்லைக் கொண்டு பழங்காலப் பருவமழையை அறிகிறார்களாமே, எப்படி? (யீஷூன் வாசகி)

பதில்: மண்ணிலுள்ள கரியமில வாயுவை ஏற்ற மழைநீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டு இறங்கி, குகைக்குள் அவ்வாயுவை இழந்ததும், சுமந்து வந்த சுண்ணாம்பைப் படலம் படலமாக விட்டுச் செல்கிறது, ஒரு மில்லிமீட்டர் வளரவே பல ஆண்டுகள் ஆகலாம். கல்லை நெடுக்காக அறுத்து மெருகேற்றினால், அந்தப் படலங்கள் பழுப்பும் வெளுப்புமான வரிகளாகத் தெரியும். அவற்றின் வயதை, யுரேனியம் சிதைந்து தோரியமாகும் கணக்கு காட்டிவிடும். மழைக்குச் சாட்சி, நீரிலிருந்து படலத்தில் சேரும் ஆக்சிஜன்: அதன் எடை கூடிய வகையான ஆக்சிஜன்-18 மேகத்திலிருந்து முந்திப் பொழிந்துவிடுவதால், பருவமழை வலுத்த காலத்துப் படலங்களில் அது பெரும்பாலும் குறைந்தும், தளர்ந்த காலத்தில் கூடியும் காணப்படும். ஆனால், ஈரக்காற்று எந்தக் கடலிலிருந்து வந்தது என்பதும் ஆக்சிஜன்-18-இன் அளவை மாற்றுமாதலால், இதிலிருந்து நேரே மழையளவைச் சொல்லிவிடுவது அவசரம் என்பேன்.

மேகாலயாவின் மாவ்ம்லு குகைக் கல்லில், ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை தளர்ந்த தடம் இருக்கிறது. அதைச் சான்றாக வைத்தே 2018-இல் ஒரு புவியியல் காலத்துக்கு ‘மேகாலயன்’ என்று பெயரிட்டார்கள். நமக்கு அருகில், சரவாக்கின் முலு குகைகளிலும் இவ்வாய்வு நடந்துள்ளது. (அடுத்த முறை அந்தக் கல்லைத் தொடாதீர்கள், கையிலுள்ள எண்ணெய்ப் பசை அதன் வளர்ச்சியைக் கெடுக்கும்.)