கையுறையை நீங்கள் போடுங்கள், தம்பி

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. டெக்சாஸில் எங்களோடு இருக்கிறார். குதிகாலில் வந்த மெலனோமா என்ற தோல் புற்றுநோயை அறுத்து எடுத்தார்கள். இப்போது அதே காலில் நான்கைந்து கட்டிகள். இனி அறுக்க முடியாது, 'டி-வெக்' என்ற வைரஸ் ஊசி போடலாம் என்கிறார் டாக்டர். வைரஸை உடம்பில் ஏற்றுவதா? பயமாக இருக்கிறது. எனக்குப் புண்ணைப் பார்த்தாலே மயக்கம் வரும். கட்டு மாற்றுவதை மனைவி பார்த்துக்கொள்வாள். அவளுக்கு இது ஆறாவது மாதம்.

பதில்: வைரஸை விடுங்கள். உங்கள் கடைசி இரண்டு வரிதான் எனக்குத் திக்கென்றது.

அந்த ஊசியில் இருப்பது உதட்டோரம் கொப்புளம் கிளப்புமே, அந்த ஹெர்ப்பிஸ் வைரஸ். இரண்டு மரபணுக்களை எடுத்துவிட்டு, எதிர்ப்புச் செல்களைக் கூப்பிடும் மரபணு ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். கட்டிக்குள்ளேயே போடுவார்கள், புற்றுச் செல்லுக்குள் பெருகி அதை வெடிக்க வைக்கும். பலவீனப்படுத்தியதுதான், ஆனால் உயிருள்ள வைரஸ். ஊசி போட்ட இடத்தில் கசியலாம். கர்ப்பிணிகள் அந்தக் கட்டை மாற்றக் கூடாது என்று நோயாளிக்குக் கொடுக்கும் தாளிலேயே இருக்கிறது. நீங்களோ அவளிடமே ஒப்படைக்கிறீர்கள்!

இன்னொரு கணக்கும் போடுங்கள். முதல் ஊசிக்கு மூன்று வாரம் கழித்து இரண்டாவது, அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒன்று, ஆறு மாதமாவது ஓடும். நடுவில் குழந்தை பிறந்துவிடும். பச்சைக்குழந்தைக்கு ஹெர்ப்பிஸ் தொற்றினால் உயிருக்கே ஆபத்து.

மயக்கம் வருமாம். பெற்ற அம்மாவின் கால் அது. கல்யாணத்தன்று விழுந்து தொட்டீர்களே, அதே கால். மருமகள் செய்தால் கடமை, மகன் செய்தால் மயக்கமா? இந்த ஏற்பாட்டை எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. கையுறை போட்டு, உட்கார்ந்துகொண்டே கட்டை மாற்றுங்கள், மயக்கம் வந்தாலும் விழும் ஆபத்து குறைவு.

சரி, ஊசி. 2015-லேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்துவிட்டது. மந்திரமெல்லாம் இல்லை. 436 பேரை வைத்து நடந்த சோதனையில், இதைப் போட்டுக்கொண்டவர்களில் நூற்றுக்கு 16 பேருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கி ஆறு மாதமாவது அப்படியே நின்றது. ஒப்பீட்டுக்கு வேறு மருந்து போட்டவர்களில் 2 பேருக்கு. நுரையீரல், கல்லீரலுக்குப் பரவியதில் பலன் நிரூபணமாகவில்லை. அம்மாவுக்குப் பரவியிருக்கிறதா என்று கேளுங்கள். குளிரும் காய்ச்சலும் வரலாம். போடுவதா வேண்டாமா என்பதை அம்மாவே சொல்லட்டும். அவரைக் கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை.

ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் ஒரு வாரமாவது, கசிந்தால் அதற்கு மேலும், தண்ணீர் புகாத கட்டு இருக்க வேண்டும். கழற்றியதைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிக் குப்பையில் போடுங்கள். மனைவி கர்ப்பமாக இருப்பது டாக்டருக்குத் தெரியுமா? நாளைக் காலை முதல் போன் அதற்குத்தான்.