சாரைப்பாம்புக்கு விஷம் இருக்கா? நல்லபாம்புல இருந்து எப்படி பிரிச்சுப் பார்க்கிறது?

விஷம் சுத்தமா கிடையாதுங்க. ஆனா கையில பிடிச்சா கடிக்காம விடாது, பல்லு சின்னதா இருந்தாலும் ரத்தம் வரும்.

ஆள் நல்ல நீளம், சாதாரணமா 5, 6 அடி, சிலது 8 அடிக்கு மேலயும் போகும். மஞ்சள் கலந்த பழுப்பு, வால் பக்கம் கருப்பா வலை போட்ட மாதிரி கோடு இருக்கும். நான் முதல்ல பார்க்கிறது முகத்தைத்தான்: கண்ணு பெருசா, பாப்பா வட்டமா இருக்கும், உதட்டு செதில் ஒவ்வொண்ணுக்கும் ஓரத்துல மை தீட்டின மாதிரி கருப்புக் கோடு. கழுத்து ஒடுங்கி தலை தனியா தெரியும், நல்லபாம்புக்கு தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே அகலம். படம் எடுக்கலைன்னு மட்டும் வச்சு சாரைன்னு முடிவு பண்ணிடாதீங்க, நல்லபாம்பும் சும்மா போறப்ப படம் எடுக்காது.

எலி எங்கயோ இதுவும் அங்க, வயல், வரப்பு, கரையான் புத்து, வைக்கோல் போர், குடோன்னு எல்லா இடத்துலயும் இருக்கும், மரமும் ஏறும், நீந்தவும் செய்யும், வேட்டை எல்லாம் பகல்லதான். மலைப்பாம்பு மாதிரி சுத்தி இறுக்காது, உடம்பாலயே தரையோட அமுக்கிப் பிடிச்சு எலியையோ தவளையையோ உயிரோட முழுங்கிடும்.

ஆளைப் பார்த்தா ஓடத்தான் பார்க்கும். வழி இல்லாம மாட்டிக்கிட்டா கழுத்தை உப்பிக்கிட்டு உறுமும் பாருங்க, பாம்பா நாயான்னு சந்தேகமே வந்துடும்.

அப்புறம் சாரையும் நல்லபாம்பும் பிணையும்னு சொல்றது கதை. பின்னிக்கிட்டு எழும்பி நிக்கிறது பெரும்பாலும் ரெண்டு ஆண் சாரை, ஒண்ணை ஒண்ணு தரையில சாய்க்க சண்டை போடுதுங்க.