600 மி.மீ. லென்ஸ் இருந்தும் சின்னப் பறவைகள் ஏன் தெளிவாக வருவதில்லை?

150-600 மி.மீ. ஜூம் லென்ஸ் வாங்கியும் தேன்சிட்டு, தையல்சிட்டு மாதிரி சின்னப் பறவைகள் மசமசவென்றுதான் வருகின்றன, இன்னும் பெரிய லென்ஸுக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். லென்ஸை மாற்றுவதற்கு முன் தூரத்தைக் குறையுங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (36 மி.மீ. அகல சென்சார் உள்ளது) 600 மி.மீ. வைத்து 30 மீட்டர் தள்ளியிருக்கும் பறவையை எடுத்தால், அந்த இடத்தில் ஃப்ரேமுக்குள் அடங்கும் அகலம் 1.8 மீட்டர். தேன்சிட்டு மொத்தமே 10 செ.மீ. சுமார்தான். 6000 பிக்சல் அகலமுள்ள படத்தில் அதன் பங்குக்கு வருவது 330 சொச்சம் பிக்சல், அதை மட்டும் வெட்டியெடுத்து (க்ராப்) பெரிதாக்கினால் இறகு எங்கிருந்து தெரியும்? அதுவே 5 மீட்டரில் இருந்தால் 2000 பிக்சல் கிடைக்கும், நெற்றியில் ஒட்டியிருக்கும் மகரந்தத் தூள்கூடத் தெரியும். போதாததற்கு, வெயில் ஏறிவிட்டால் தரையிலிருந்து எழும் சூடான காற்று தூரத்துக் காட்சியை நெளியவைக்கும். எவ்வளவு நல்ல லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

சரி, எப்படி நெருங்குவது? நெருங்கவே வேண்டாம், அது வரட்டும். ஈபிடிப்பான், பஞ்சுருட்டான் இரண்டும் பறந்துபோய்ப் பூச்சியைப் பிடித்துவிட்டு பெரும்பாலும் கிளம்பிய கிளைக்கே திரும்பி வரும், தேன்சிட்டு பூத்திருக்கும் செடியை விடாது. அந்த இடத்தைப் பார்த்து வைத்து, வெளிச்சம் முதுகுப்பக்கம் இருக்கிற மாதிரி தாழ்வாக உட்கார்ந்து அசையாமல் இருங்கள், கொஞ்ச நேரத்தில் நீங்கள் அங்கே இருப்பதை அது பொருட்படுத்தாது. இறகு கோதிக்கொண்டிருந்த பறவை சட்டென்று நிறுத்திக் கழுத்தை நீட்டி உங்களையே பார்த்தால், அதற்கு மேல் ஓர் அடிகூட நகரக் கூடாது. வாயில் புழுவை வைத்துக்கொண்டு கூட்டுக்குப் போகாமல் தயங்குகிறது என்றால் நீங்கள் குறுக்கே இருக்கிறீர்கள், குஞ்சு பசியோடு காத்திருக்கிறது, உடனே எழுந்து விலகிவிடுங்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். ஒரு படத்துக்காகக் கூட்டருகே உட்காருவதும், பதிவு செய்த குரலைப் போட்டு வரவழைப்பதும் வேண்டவே வேண்டாம்.

பக்கத்தில் வந்துவிட்டால் வேறு சிக்கல் இருக்கிறது. 600 மி.மீ., லென்ஸ் துவாரம் (அபர்ச்சர்) எஃப் 6.3, தூரம் 5 மீட்டர் என்றால் கூர்மையாக விழும் ஆழம் வெறும் இரண்டரை செ.மீ. சுமார். அதனால் ஃபோகஸ் கண்ணில்தான் இருக்க வேண்டும், வால் மங்கினால் போகட்டும். கேமராவில் பறவையின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி இருந்தால் நல்லது, இல்லையென்றால் ஒற்றைப் புள்ளி ஃபோகஸ் போதும், பல புள்ளிகளில் ஃபோகஸ் வைத்தால் கேமரா முன்னால் இருக்கும் இலையைத்தான் பிடிக்கும்.

ஷட்டர் வேகத்தில் நிறையப் பேர் லென்ஸின் ஸ்டெபிலைசேஷனை (அசைவைத் தணிக்கும் வசதி) நம்பி ஏமாறுகிறார்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், பறவை தலையைத் திருப்பும் வேகத்தை அல்ல. கிளையில் துறுதுறுவென்று இருக்கும் சிட்டுக்கு 1/1000 நொடியைவிட மெதுவான ஷட்டர் வேகத்துக்கு இறங்காதீர்கள், பறக்கும்போது 1/2500 நொடியாவது வேண்டும். அதற்காக ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன் அளவு) 3200 வரை ஏறினாலும் பரவாயில்லை, அதனால் வரும் புள்ளிப் புள்ளியான நாய்ஸை மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம், அசைந்த படத்தை அப்படி மீட்க முடியாது.

அப்புறம், இலைகளுக்கு நடுவே 600-இல் பறவையைத் தேடினால் கிடைக்காது. வெறும் கண்ணால் அதையே பார்த்துக்கொண்டு கேமராவைக் கண்ணுக்கு உயர்த்துங்கள், லென்ஸ் 300 மி.மீ.-இல் இருக்கட்டும், பறவை ஃப்ரேமுக்குள் வந்ததும் 600-க்குத் திருப்புங்கள்.