இருட்டில் நிற்பவருக்கு ஒரு திரை
வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வானியல் கருவிகளை இயக்கும் இண்டி மென்பொருள் வழியாக, தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்ட்டையும் கேமராவையும் இயக்க பைதான் ஸ்கிரிப்ட்டுகள் எழுதி வைத்திருக்கிறேன். கட்டளைகளை டைப் செய்தால்தான் வேலை நடக்கும். கூட வரும் நண்பர்களுக்கு அது பிடிபடவில்லை. தனிச் செயலி எழுதட்டுமா, பிரவுசரில் திறக்கும் பக்கமாகச் செய்துவிடலாமா?

பதில்: பிரவுசர் பக்கமாகவே செய்யுங்கள். கம்ப்யூட்டர் தொலைநோக்கியின் காலடியில் கிடக்கும். பார்ப்பவர் குழாயின் மறுமுனையில், படத்தைத் தெளிவாக்கும் ஃபோகஸரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவரிடம் போன் இருக்கிறது. முகவரியைத் திறந்தால் வேலை தொடங்கிவிடும், எதையும் நிறுவ வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பக்கம் காட்டட்டும், கேட்கட்டும். பொறுப்பெல்லாம் தொலைநோக்கியோடு இணைந்த கம்ப்யூட்டரிடமே இருக்க வேண்டும். இதை நான் இரண்டு இரவுகளை இழந்து கற்றுக்கொண்டேன்.

முதல் இரவு, 40 படங்கள் எடுக்கும் வரிசையைப் பக்கத்திலிருந்த ஜாவாஸ்கிரிப்ட் டைமரிடம் ஒப்படைத்திருந்தேன். போனைப் பைக்குள் போட்டேன். காலையில் பார்த்தால் 6 படங்கள்தான் இருந்தன. கண்ணுக்குத் தெரியாத டேபின் டைமர்களைப் பிரவுசர்கள் வேண்டுமென்றே மட்டுப்படுத்துகின்றன. குரோம் 2021 முதல், ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் பக்கத்தின் டைமர்களைப் பெரும்பாலும் நிமிடத்துக்கு ஒருமுறைதான் எழுப்புகிறது. போனின் திரை அணைந்துவிட்டால் பக்கம் முழுதாக உறங்கிப்போகவும் கூடும். பேட்டரிக்கு அது நல்லது, ஆனால் நம் படவரிசை பாழாகிறது.

இரண்டாவது இரவில் பட்டது இன்னும் மோசம். அம்புக்குறிப் பட்டனை அழுத்தினால் ‘நகர்’, விரலை எடுத்தால் ‘நில்’ என்று எழுதியிருந்தேன். அழுத்தியபடியே நடந்தபோது வைஃபை அறுந்தது. ‘நில்’ போய்ச் சேரவில்லை. மவுண்ட் சுற்றிக்கொண்டே போய், கேமரா ஒயர் இழுபட்டு அதன் முனை வளைந்துவிட்டது. இப்போது என் பக்கம் விரல் அழுத்தியிருக்கும்வரை கால் வினாடிக்கு ஒருமுறை ‘இன்னும் அழுத்தியிருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரு வினாடி அந்தக் குரல் கேட்காவிட்டால் சர்வர் தானாகவே மோட்டாரை நிறுத்திவிடும். உங்கள் பக்கத்தில் வேறு எந்த வசதி இல்லாவிட்டாலும் இது இருக்கட்டும்.

இண்டி பேசுவது 7624-ஆம் போர்ட்டில் எக்ஸ்எம்எல். பிரவுசரால் அந்த இணைப்பை நேரடியாகத் திறக்க முடியாது. இடையில் ஒரு சிறிய பைதான் சர்வரை வைத்து, பக்கத்தோடு வெப்சாக்கெட்டில் (இருபுறமும் திறந்தே இருக்கும் இணைப்பு) பேசுங்கள். இண்டியைப் போன்ற இன்னொரு முறையான ஆஸ்காமின் அல்பாகா சாதாரண எச்டிடிபியும் ஜேசன் என்னும் எழுத்துவடிவத் தரவும்தான், எனவே அது எளிது. ஆனாலும் மேலே சொன்ன நிறுத்தும் காவலுக்காக இடைச் சர்வர் அங்கேயும் வேண்டும். பக்கத்தையும் அதே சர்வரிலிருந்தே கொடுங்கள். வெளியே எச்டிடிபிஎஸ் தளத்தில் வைத்தால், உள்ளூர் எச்டிடிபி சாதனத்தோடு பேசவிடாமல் பிரவுசர் பொதுவாகத் தடுக்கும். இதில் ஒரு சிறு இழப்பு உண்டு: எச்டிடிபி பக்கத்துக்குப் போன் தன் இருப்பிடத்தைச் சொல்லாது. அட்சரேகை, தீர்க்கரேகையைக் கையால் ஒருமுறை கொடுத்துச் சேமித்துவிடுங்கள்.

கேள்வி: என் பக்கத்திலிருந்து அனுப்பினால் தொலைநோக்கி பெரும்பாலான நட்சத்திரங்களுக்குச் சரியாகப் போகிறது. ஓரியன் இடைக்கச்சையின் மின்டாக்காவுக்கு மட்டும் தவறிப் போகிறது. மவுண்ட்டில் கோளாறா?

பதில்: மவுண்ட்டைக் கழற்றாதீர்கள். மின்டாக்காவின் நடுவரை விலக்கம் (வான நடுவரையிலிருந்து வடக்கே அல்லது தெற்கே உள்ள கோணம்) –0° 18′. பாகையைத் தனியே பிரித்து எண்ணாக்கி, அது பூஜ்யத்தைவிடக் குறைவா என்று பார்த்திருப்பீர்கள். –0 அப்படிக் குறைந்ததல்ல, ஆகவே கழித்தல் குறி அங்கேயே தொலைந்து +0° 18′ ஆகிவிடுகிறது. வித்தியாசம் 36 கலை (60 கலை ஒரு பாகை), முழுநிலவின் அகலத்தைவிடக் கொஞ்சம் அதிகம். குறியை எழுத்தாகவே முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, எண்ணைக் கடைசியில் கணக்கிடுங்கள்.

கேள்வி: கையா விண்கலம் தொகுத்த அட்டவணையிலிருந்து நட்சத்திரங்களைக் காட்டுகிறேன். பட்டியலில் இருக்கும் அடையாள எண்ணைக் கொண்டு திரும்பத் தேடினால் ‘இல்லை’ என்கிறது. எண்ணின் கடைசி இலக்கங்கள் பூஜ்யங்களாக மாறியிருக்கின்றன. யார் மாற்றியது?

பதில்: ஜாவாஸ்கிரிப்ட். அதன் சாதாரண எண் 9007199254740991 வரைதான் முழு எண்களை ஒன்றுவிடாமல் நினைவில் வைக்கும். கையாவின் அடையாள எண்கள் 19 இலக்கம்வரை போகும். 5-இல் தொடங்கும் 19 இலக்க எண் என்றால், 1024-க்கு ஓர் எண்ணைத்தான் அதனால் பிடிக்க முடியும். ஜேசனைப் படிக்கும் கணத்திலேயே சேதம் நடந்துவிடுவதால் பிறகு பெரிய எண்களுக்கான பிக்இன்ட் வகையாக ஆக்கியும் பயனில்லை. சர்வரிலேயே மேற்கோள் குறிக்குள் போட்டு எழுத்தாக அனுப்புங்கள். அடையாள எண் ஒரு பெயர். அதைக் கூட்டிக் கழிக்கப் போவதில்லையே.

கேள்வி: வான வரைபடத்தையும் நானே எழுதினால் என்ன? சாலை வரைபட நூலகம் ஒன்றை வைத்து முயன்றேன், துருவங்களில் எல்லாம் இழுபட்டு நிற்கிறது. (கல்லூரி மாணவி)

பதில்: சாலை வரைபடங்கள் பெரும்பாலும் உருண்டையைச் செவ்வகமாக விரிக்கும் மெர்கேட்டர் முறையில் இயங்குகின்றன. அதில் துருவம் முடிவிலிக்குப் போய்விடும். வானியலாளர்கள் இதற்கு அழகான வழி கண்டிருக்கிறார்கள். ஹீல்பிக்ஸ் முறை கோளத்தை 12 சமபரப்புத் துண்டுகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றும் நான்காக, அவை மீண்டும் நான்காக. மூன்று முறை பிரித்தால் 768 துண்டுகள். துருவத்துத் துண்டும் நடுவரைத் துண்டும் ஒரே பரப்பு. இதன் மேல் கட்டியதுதான் 2017-இல் தரநிலையான ஹிப்ஸ்: நீங்கள் பார்க்கும் பகுதியின் துண்டுகளை மட்டும், தேவையான நுணுக்கத்தில் மட்டும் பிரவுசர் இறக்கிக்கொள்கிறது. ஸ்ட்ராஸ்பூர்க் வானியல் தரவு மையத்தின் வான வரைபட நிரலான அலாடின் லைட் இதைச் சில வரிகளில் உங்கள் பக்கத்தில் கொண்டுவந்துவிடும். கற்றுக்கொள்வதற்காகச் சொந்தமாக ஒன்று எழுதிப் பாருங்கள், நான் அதைத் தடுக்க மாட்டேன். அப்போது கிழக்கு இடப்பக்கம் வர வேண்டும் என்பதை மறக்காதீர்கள். நாம் கோளத்தின் உள்ளிருந்து பார்க்கிறோம்.

கேள்வி: பின்னணியைக் கறுப்பாகவும் எழுத்தைச் சிவப்பாகவும் மாற்றிவிட்டேன். இரவுத் திரைக்கு இது போதும்தானே?

பதில்: போதாது. கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு வெள்ளை மின்னல் அதைக் கலைத்துவிடும். அந்த மின்னல் எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று பாருங்கள். சிஎஸ்எஸ் கோப்பு வந்து சேருமுன் பக்கம் ஒரு கணம் வெள்ளையாகத் தெரியும். ஆகவே கறுப்புப் பின்னணியை எச்டிஎம்எல்லின் தலைப்பகுதியிலேயே எழுதிவிடுங்கள். பிரவுசரின் எச்சரிக்கைப் பெட்டி உங்கள் நிறத்துக்குக் கட்டுப்படாது. அதை அறவே பயன்படுத்தாதீர்கள். எல்லாவற்றிலும் கொடியது போனின் கீபோர்டு. எழுத்துப் பெட்டியைத் தொட்டதும் பாதித் திரைக்கு வெளிச்சமாக எழும். எனவே பொருட்களின் பட்டியலைப் பகலிலேயே தயார் செய்யும்படி வையுங்கள். இரவில் தட்டெழுத்தே வேண்டாம், பெரிய பட்டன்கள் மட்டும் போதும்.

எல்லாம் சிவப்பானபின் ‘பச்சை என்றால் சரி, சிவப்பு என்றால் பிழை’ என்ற பேச்சு எடுபடாது. நிலையைச் சொல்லாலும் வடிவத்தாலும் காட்டுங்கள். ‘வழிகாட்டி நின்றுவிட்டது’ என்று முழுச் சொல்லாக எழுதலாம்.

படங்களில்தான் பலர் தவறுகிறார்கள். வண்ணப் படத்தின் மேல் சிவப்பு அடுக்கை ‘மல்டிப்ளை’ (பெருக்கல்) முறையில் கலந்தால் அதன் சிவப்பு மட்டுமே மிஞ்சும். நீல நெபுலா இருண்டுபோகும், பார்ப்பவர் படமே பதிவாகவில்லை என்று நினைத்துவிடுவார். முதலில் படத்தைச் சாம்பல் நிறமாக்குங்கள், அதன்பின் சிவப்பை ஏற்றுங்கள்.

சோதிக்கும்போது விளக்கில்லாத அறையில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் பக்கத்தைத் திறங்கள். ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு ஒவ்வொரு பட்டனையும் அழுத்திப் பாருங்கள், இணைப்பை வேண்டுமென்றே துண்டித்தும் பாருங்கள். பிறகு கையை எடுங்கள். இரண்டு கண்ணுக்கும் அறை ஒரே அளவு இருட்டாகத் தெரிந்தால் திரையை நண்பர்களிடம் கொடுக்கலாம்.